ரெண்டு வீட்டுச் சாட்சி

நீங்களும் குலசாமியைத் தேடித்தானே வந்திருக்கீங்க?

எப்படித் தெரியும்னு பார்க்கறீங்களா. பையனுக்கு ரெண்டு வயசு இருக்கும்போல, இன்னும் பிறந்த முடி எடுக்காம உச்சியில ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருக்கீங்க. மஞ்சப் பையில தேங்காய் பழம் எட்டிப் பார்க்குது. மேலூர் பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரா ஜெராக்ஸ் கடைக்கு வர்றீங்க, ஆனா கையில ஒரு தாளும் இல்லை. வேற எதுக்கு வந்திருப்பீங்க.

உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. அழகுமலை அண்ணன் மெஷினுக்கு மை வாங்க மேலூர் போயிருக்காரு, வர்றதுக்குள்ள ஒரு பானைச் சோறே பொங்கிரலாம். அதுவரைக்கும் கடைக்கு நான்தான். பேரு பாண்டிமீனா. அந்தா பேப்பர் கட்டு மேல ஏறி நிக்குதே, அது என் மக தன்ஷிகா. உங்க பையனை இறக்கி விடுங்க, அதுக்கும் சண்டை போட ஒரு ஆள் வேணும்.

அண்ணன் போகும்போது சொல்லிட்டுத்தான் போனாரு. "மீனா, திருச்சியில இருந்து ஒரு அம்மா வருவாங்க. உக்கார வை, தண்ணி குடு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத." தண்ணி இந்தா இருக்கு, குடிங்க.

உங்க வீட்டுக்காரரோட தாத்தா பேரு அங்குச்சாமி, அதானே. இளவட்டத்துலயே ஊரை விட்டுப் போயிட்டாரு, கிணத்து மேட்டுல ஒரு கருப்பன் இருக்கும்னு மட்டும் சொல்லுவாரு, ஊர்ப் பேரைக் கேட்டா பேச்சை மாத்திருவாரு. நேத்து நீங்க போன்ல சொன்னதை அண்ணன் ஒவ்வொண்ணாத் திருப்பிச் சொன்னாரா, எனக்குக் கேட்டுச்சு. கிணறும் கருப்பனும் இல்லாத ஊரு இந்தப் பக்கம் ஏது. எங்க ஓடைக்கரைப்பட்டியிலயும் இருக்கு. ஒரு சின்ன விஷயம், அந்தத் தாத்தா இடது காலைக் கொஞ்சம் சாய்ச்சு நடப்பாரோ? தெரியாதா. பரவாயில்லை. யோசிச்சு வைங்க.

பையனுக்குக் காய்ச்சல் வந்தாக்கூட, சாமிக்கு முடி குடுக்காததாலதான்னு உங்க மாமியார் சொல்றாங்களாக்கும். சொல்லுவாங்க. மாமியாருங்களுக்குத் திருச்சி என்ன, ஓடைக்கரைப்பட்டி என்ன.

நாங்க நாலு பேருங்க. ஊர் வரலாற்றுக் குழுன்னு பேரு. சம்பளம் கிடையாது, ஞாயித்துக்கிழமை டீ உண்டு. இந்த ஊருல எல்லாரோட சர்ட்டிபிகேட்டையும் ஜெராக்ஸ் போட்டுப் போட்டு அண்ணனுக்கு ஒரு ஆத்தாமை. அப்பன் பேரு எழுதறான், தாத்தன் பேரு எழுதறான், அதுக்கு மேல கேட்டா மேல பார்க்கறான். இப்படியே விட்டா நம்ம எங்கிருந்து வந்தோம்னே தெரியாமப் போயிரும், ஒவ்வொரு வீட்டுக்கும் வம்ச மரம் போடணும்னு ஆரம்பிச்சாரு. செல்போன் கடையில வேலை பார்க்குற காசிராஜன் கம்ப்யூட்டர்ல மரம் வரையறதுக்கு வந்தான். பி.எட். படிக்கிற சுபிதா எழுத்து வேலைக்கு வந்துச்சு. நான் எதுக்கு வந்தேன்னா, பிள்ளையோட கிரைப் வாட்டர் பாட்டில் லேபிளை ஜெராக்ஸ் எடுக்கறதுக்கு வந்தேன். பேச்சு வாக்குல, கீழத்தெரு சின்னப்பொண்ணு அயித்தையோட மாமனாருக்கு ரெண்டு பொண்டாட்டி, மூத்தவளைக் கணக்குல விட்டுட்டீங்களேன்னு சொன்னேன். அண்ணன் எழுந்திரிச்சு அந்த ஆடாத ஸ்டூலை எனக்குப் போட்டாரு. அன்னைக்கிருந்து நானும் குழு.

குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. அண்ணன் போட்டது. ஒரு வீட்டுல ஒண்ணு சொன்னாங்கன்னா அது பேச்சு. சம்பந்தமில்லாத இன்னொரு வீட்டுலயும் அதையே சொன்னாங்கன்னாத்தான் ஆதாரம். ரெண்டு வீட்டுச் சாட்சி இல்லாம மரத்துல ஒரு இலைகூட ஏறாது. இன்னொண்ணு, அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க போயிக் கேக்கக்கூடாது. சுபிதா வீட்டுல காசி ரெக்கார்டு பண்ணணும், காசி வீட்டுல சுபிதா பண்ணணும். அப்பத்தான் நேர்மையா இருக்குமாம்.

நேர்மையாத்தான் இருந்துச்சு. நேர்மையா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிச்சு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

என் வேலை என்னன்னா, இவங்க போன் எடுத்துக்கிட்டுப் போறதுக்கு முந்தின வாரம் நான் பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு அடுப்படிக்குள்ள போகணும். வாசல்ல நின்னு உங்க பூட்டன் பேரு என்னன்னு கேட்டா எவன் சொல்லுவான், கடன் குடுத்த பார்ட்டின்னு நினைச்சுக் கதவைச் சாத்துவான். நான் போனா அப்படி இல்லை. தன்ஷிகா நேரா அரிசிப் பானைக்குள்ள கையை விடும். அதைத் தூக்கற சாக்குல நானும் உள்ள போயிருவேன். கூட உக்காந்து கடலை உரிப்பேன், கீரை ஆய்வேன். பேச்சு தானா வரும்.

அண்ணன் சொல்லுவாரு, "நீ போயிக் காதை மட்டும் குடு மீனா, வாயைக் கடையில வெச்சுட்டுப் போ." அதெப்படிங்க முடியும். மொய் வாங்கணும்னா மொய் செய்யணும். பேச்சும் அப்படித்தான். முந்தின வீட்டுல கேட்டதைக் கொஞ்சம் இங்க சொன்னாத்தான் இங்க உள்ளது வெளிய வரும். நான் பொய் சொல்ல மாட்டேன். "இப்படி இருக்குமோ"ன்னுதான் கேப்பேன். கேக்கறது தப்பா.

இப்ப கதைக்கு வர்றேன். மந்தைக்குக் கிழக்கே ஒரு பெரிய கிணறு இருக்கு. நீங்க வந்த பஸ்ஸுலயே பார்த்திருக்கலாம், மேட்டுல வேப்ப மரம், அடியில கருப்பன். அந்தக் கிணத்துக்கு ஒரு பக்கம் சுபிதா வீட்டுக் காடு, மறுபக்கம் காசி வீட்டுக் காடு. அந்தக் காலத்துல சுபிதாவோட பூட்டன் மொட்டையனும் காசியோட பூட்டன் சின்னாண்டியும் ஒரே கிணத்துல ஆளுக்கொரு கமலை போட்டு மாடு கட்டி இறைச்சாங்க. இது ஊரே சொல்லும். ஆனா ரெண்டு பேரும் யாரு, எப்படி ஒரு கிணத்துக்கு வந்தாங்க, அது ஒருத்தருக்கும் தெரியலை. மரத்துல அந்த இடம் மட்டும் மொட்டையா நின்னுச்சு. காசிக்கு அதுல உறக்கமே இல்லை.

காசியை வளர்த்தது அவங்க அத்தை இருளாயி. எனக்கும் அயித்தை முறைதான். கட்டிக்கிட்டு வந்தவளுக்கு ஊருல பாதிப் பேரு அயித்தை, மீதிப் பேரு மாமா. அன்னைக்கு அயித்தை கூட உக்காந்து மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்தேன். "ஏன் அயித்தை, ஒரு கிணத்துத் தண்ணியை ரெண்டு பேரு சண்டையில்லாம இறைச்சாங்கன்னா, ஒருவேளை அண்ணன் தம்பியா இருப்பாங்களோ"ன்னு கேட்டேன். அயித்தை மொச்சையை வாயில போட்டு மென்னுக்கிட்டே, "இருக்கும் இருக்கும்"னுச்சு. அவ்வளவுதான் நடந்தது.

அங்கிருந்து வர்ற வழியில சுபிதா வீடு. அவங்க அம்மா வசந்தா அயித்தை மாவு ஆட்டிக்கிட்டு இருந்தாங்க. மாவை வழிச்சுக் குடுத்துக்கிட்டே, "இருளாயி அயித்தை என்னமோ அண்ணன் தம்பிங்கறாங்களே"ன்னேன். "அப்படியா, எங்க மாமியாரும் என்னமோ சொல்லும்"னாங்க.

அடுத்த ஞாயிறு சுபிதா போய் இருளாயி அயித்தைகிட்ட போனை நீட்டுது. அயித்தை சொல்லுது, மொட்டையனும் சின்னாண்டியும் ஒரு வயித்துப் பிள்ளைங்க, பாகம் பிரிச்சப்போ அவங்க ஆத்தா கிணத்து மேட்டுல உக்காந்து மூணு நாள் பச்சைத் தண்ணி குடிக்காம அழுதான்னு. அழுததை நான் சொல்லவே இல்லைங்க. அது அயித்தையாச் சேர்த்தது. அதே நேரம் காசி அங்க வசந்தா அயித்தைகிட்டக் கேக்கறான், அவங்களும் அண்ணன் தம்பிங்கறாங்க. ரெண்டு வீட்டுச் சாட்சி. அண்ணன் அன்னைக்கு டீயோட வடையும் வாங்கிக் குடுத்தாரு.

நீங்க வேற மாதிரி நினைக்கக்கூடாது. எனக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான், முத்துவேலு, திருப்பூர்ல கட்டிங் மாஸ்டர். சுபிதாவை அவனுக்குக் கேக்கலாம்னு எனக்கு ஒரு எண்ணம் இருந்துச்சு, அது உண்மை. எங்க அம்மாகிட்டக்கூடச் சொல்லி வெச்சிருந்தேன். ஆனா அது வேற, இது வேற. காசிக்கும் சுபிதாவுக்கும் பழக்கம்னு அப்ப எனக்குத் தெரியவே தெரியாது. பார்த்திருக்கேன், இந்தா இந்த மெஷினுக்குப் பின்னாடி ரெண்டும் ஒரே டம்ளர்ல டீ குடிச்சதைப் பார்த்திருக்கேன். ஆனா தெரியாது.

அது ரெண்டும் வீட்டுல சொல்லிருச்சுங்க, தைரியமா. ரெக்கார்டுல சொன்னது அன்னைக்கோட மறந்து போச்சு, அதை வெச்சு முறை என்ன ஆகும்னு யாரும் யோசிக்கலை, தடையும் சொல்லலை. இருளாயி அயித்தை வெத்தலை பாக்கோட போயிப் பொண்ணு கேட்டுச்சு. சுபிதாவோட அப்பா வெள்ளைக்கண்ணு மாமா லேசுல மசியற ஆளில்லை, அவரே தலையாட்டிட்டாரு. பங்குனிப் பொங்கல் முடியட்டும், பூ வெச்சுரலாம்னு பேச்சு.

பங்குனிப் பொங்கலுக்கு நாங்க பிளெக்ஸ் வெச்சோம். எல்லாரும் காது குத்துக்கு வைக்கிறான், கட்சிக்கு வைக்கிறான், நாங்க வம்ச மரத்தை வெச்சோம். மந்தையில ஆலமரத்துக்கும் கரண்டுக் கம்பத்துக்கும் நடுவுல இழுத்துக் கட்டினா ஒரு லாரித் தார்ப்பாய் அளவு. பச்சைக் கலர், கட்டம் கட்டமாப் பேரு. சாமியைப் பார்க்க வந்த சனமெல்லாம் சாமிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுச்சு. "என் பேரு எங்க", "எங்க சின்னய்யா பேரைச் சின்னதாப் போட்டிருக்கீங்க", இதே பேச்சு.

வெள்ளைக்கண்ணு மாமா புது வேட்டியோட வந்து நின்னாரு. விரலை வெச்சு, தன் பேருல இருந்து மேல போனாரு. அப்பா. தாத்தா. அந்தத் தாத்தாதான் மொட்டையன். மொட்டையனுக்குப் பக்கத்துல சின்னாண்டி, ரெண்டு பேருக்கும் சேர்த்து மேல ஒரே கோடு. விரலைச் சின்னாண்டி மேல வெச்சுக் கீழ இறங்கினாரு. இறங்கி இறங்கி வந்து கடைசிக் கட்டத்துல நின்னாரு. காசிராஜன்.

"அப்ப இந்தப் பய என் மகளுக்கு என்ன முறை?"

அவரு யாரையும் பார்த்துக் கேக்கலை, பிளெக்ஸைப் பார்த்துத்தான் கேட்டாரு. பக்கத்துல பஞ்சு மிட்டாய் விக்கிற ஆளு, வெளியூர்க்காரன், அவன் எட்டிப் பார்த்துட்டு, "அண்ணன் முறையில்ல வருது"ன்னான்.

முடிஞ்சு போச்சு. பங்காளி வீட்டுல யாராவது பொண்ணு எடுப்பாங்களா. பூ வைக்கிறது நின்னுச்சு. திருப்புவனத்துப் பக்கம் ஒரு மாப்பிள்ளை இருக்கான், வைகாசிக்குள்ள முடிச்சுரணும்னு மாமா புரோக்கரைக் கூப்பிட்டு விட்டுட்டாரு. காசி குழுவுக்கு வர்றதை நிறுத்திட்டான். அவன் மேல தப்பில்லை, தன் கையால மவுஸைப் புடிச்சுத் தானே அந்தக் கோட்டைப் போட்டிருக்கான். சுபிதா மட்டும் வந்துச்சு. வந்து அந்தா அந்த மூலையில உக்காந்து, எழுதினதையே எழுதிக்கிட்டு இருந்துச்சு.

நான் சும்மா, ஒரு பேச்சுக்கு, எங்க அம்மாவுக்குப் போன் போட்டு, "சுபிதா சும்மாதான் இருக்கு"ன்னு சொன்னேன். எங்க அம்மா முத்துவேலுகிட்டச் சொல்லிருச்சு. அவன் என்னைக் கூப்பிட்டான். "அக்கா, அந்தப் பொண்ணு அங்க அழுதுக்கிட்டு இருக்குன்னு மச்சான் சொன்னாரு. நீ எனக்குப் பொண்ணு பார்க்கறியா, இழவு வீட்டுல பந்தி போடறியா?" பாருங்க, கூடப் பிறந்தவன் பேசற பேச்சை. என் வீட்டுக்காரரும் கூட்டு.

ஒரு நாள் சுபிதா போனை எடுத்துக்கிட்டு வந்து அண்ணன் முன்னாடி வெச்சுச்சு. "இதைக் கேளுங்கண்ணே"ன்னு ரெண்டு ரெக்கார்டையும் போட்டுச்சு. முதல்ல இருளாயி அயித்தை குரல்: "அதாத்தா, நம்ம பாண்டிமீனா சொல்ற மாதிரி, அவங்க அண்ணன் தம்பிதேன்." அடுத்தது வசந்தா அயித்தை: "மீனாகூடச் சொல்லுச்சேப்பா, அண்ணன் தம்பின்னு."

எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. ரெண்டு பெரிய மனுசிங்க, ரெக்கார்டுல, என் பேரைச் சொல்லி ஆரம்பிக்கிறாங்க. அண்ணன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. துடைச்சுட்டு மாட்டாமலே என்னைப் பார்த்தாரு.

"ரெண்டு வீடும் நீதானா மீனா?"

"நான் எப்படிண்ணே ரெண்டு வீடாக முடியும். எனக்கு இருக்கறது ஒரு வீடு, அதுவும் ஒழுகுது."

அவரு சிரிக்கலை. எழுந்து நேரா வெள்ளைக்கண்ணு மாமா வீட்டுக்குப் போனாரு. நானும் பின்னாலயே போனேன், பிள்ளைக்குக் காத்தாட இருக்கட்டும்னு. அண்ணன் சொன்னாரு, "மாமா, அந்தக் கோட்டுக்கு ஆதாரம் இல்லை. தப்பு எங்களோடது. அண்ணன் தம்பின்னு நாங்க போட்டிருக்கக்கூடாது."

மாமா பல்லுக் குத்திக்கிட்டு இருந்தாரு. "அப்ப அண்ணன் தம்பி இல்லைங்கறதுக்கு ஆதாரம் இருக்கா?"

"அதுவும் இல்லை மாமா. தெரியாதுங்கறதுதான் உண்மை."

"தெரியாத வீட்டுல நான் எப்படிய்யா பொண்ணைக் குடுக்கறது. இன்னைக்கு இல்லைங்கறீங்க, குடுத்ததுக்கு அப்புறம் இன்னொரு பிளெக்ஸ் வெச்சீங்கன்னா நான் எங்க போய் முகத்தை வெச்சுக்கறது? ரெண்டு வீட்டுக்கும் ஒரே கருப்பன்தானய்யா சாமி. பங்காளிக்குத்தானய்யா ஒரே சாமி."

அண்ணன் செருப்பை மாட்டிக்கிட்டாரு. உண்மையைச் சொன்னா வேலை ஆகும்னு நினைச்சுப் போனவரு, பாவம். படிச்சவரு.

திரும்பி வந்தா கடை வாசல்ல சுபிதா நிக்குது. அது என்கிட்டக் கோவப்படலை. கோவப்பட்டிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். என் கையைப் புடிச்சுக்கிட்டு, "அக்கா, நீங்க போட்ட முடிச்சு. உங்களாலதான் அவுக்க முடியும்"னுச்சு. நான் என்ன முடிச்சுப் போட்டேன், எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை. ஆனா அது கை சில்லுன்னு இருந்துச்சு. வயித்துல ஒண்ணும் போகலைன்னு தெரிஞ்சுச்சு. சரின்னு மறுநாள் காலையில தன்ஷிகாவைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

இருளாயி அயித்தை வீட்டுல அன்னைக்குப் புளி கொட்டை எடுத்துக்கிட்டு இருந்துச்சு. ஆளு ஒடுங்கிப் போயிருந்துச்சு. "என் வாயால என் மகன் கல்யாணத்தைக் கெடுத்தேனே. ஆனா ஒரு வயித்துப் பிள்ளைங்களை நான் எப்படி மாத்திச் சொல்லுவேன் மீனா. அந்த ஆத்தா அழுதது என் கண்ணுக்குள்ளயே நிக்குதே"ன்னு அயித்தையும் அழுகுது. அது பிறக்கறதுக்கு எத்தனையோ வருசத்துக்கு முந்தி அழுத அழுகை.

நான் புளியை எடுத்துக்கிட்டே கேட்டேன். "எனக்கு ஒரு சந்தேகம் அயித்தை. அண்ணன் தம்பின்னா ஒரு கமலையைத்தானே முறை வெச்சு இறைப்பாங்க. தனிக் கமலை எதுக்குப் போட்டாங்க? ஒருவேளை மொட்டையன் தங்கச்சியைக் கட்டிக்கிட்டு, சின்னாண்டி வீட்டோட மாப்பிள்ளையா வந்திருப்பாரோ? மச்சான்னாத்தானே ரோசத்துக்குத் தனிக் கமலை போடுவான்?"

அயித்தை கை நின்னுச்சு. "ஒரே சாமியில்ல கும்புடுறோம்?"

"வீட்டோட வந்தவருக்கு வந்த இடத்துச் சாமிதானே அயித்தை துணை."

"அப்ப அந்த ஆத்தா எதுக்கு அழுதா?"

"மகளுக்குத் தனி அடுப்பு வெச்சா ஆத்தா அழுக மாட்டாளா?"

அயித்தை கையில இருந்த கொட்டையைத் தட்டுல போட்டுச்சு. அப்புறம், "அதத்தானடி நானும் அப்பவே சொன்னேன்"னுச்சு.

அங்கிருந்து வசந்தா அயித்தை. அங்கிருந்து சின்னப்பொண்ணு அயித்தை. அங்கிருந்து மாவு மில்லு. மாவு மில்லுல ஒரு தரம் சொன்னா மைக்குல சொன்ன மாதிரி, அதுவும் மிசின் ஓடறதால எல்லாரும் கத்தித்தான் பேசணும். நான் எங்கயும் எதையும் அடிச்சுச் சொல்லலைங்க. இருக்குமோ, இருக்குமோன்னுதான்.

சித்திரை பிறந்து கொஞ்ச நாள்ல, இந்தா நீங்க உக்காந்திருக்கிற ஸ்டூல்ல வெள்ளைக்கண்ணு மாமா வந்து உக்காந்தாரு. வந்ததும் அண்ணனைத் திட்ட ஆரம்பிச்சாரு. "உங்களுக்கெல்லாம் என்னய்யா தெரியும். எங்க அய்யா படிச்சுப் படிச்சுச் சொல்லுவாரு, சின்னாண்டி நம்ம வீட்டு மாப்பிள்ளை, மொட்டையனுக்குத் தங்கச்சி புருசன், வீம்புக்குத் தனிக் கமலை போட்டவன்னு. மச்சானைக் கொண்டுபோய்த் தம்பின்னு போட்டு ஊரு முழுக்கக் கட்டி வெச்சிருக்கீங்க. இது வரலாறா?"

அண்ணன் மெதுவாக் கேட்டாரு, "ஆதாரம்?"

"ஆதாரமா. நான்தான்யா ஆதாரம். இருளாயியைக் கேளு. சின்னப்பொண்ணைக் கேளு. ரெண்டு வீடு வேணுமா, ஊரே சொல்லுது."

அண்ணன் என்னைப் பார்த்தாரு. நான் தன்ஷிகாவுக்கு மூக்குத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் மூலையைப் பார்த்தாரு. சுபிதா பேனாவை மூடக்கூட இல்லை, அப்படியே கையில புடிச்சுக்கிட்டு அவரு வாயைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கு. அண்ணன் வாயில ஒரு வார்த்தை வந்துச்சு, நான் பார்த்தேன், வந்து உதட்டுல நின்னுச்சு. அதை எச்சிலோட முழுங்கிட்டு, "சரி மாமா. மாத்திரலாம்"னாரு.

மாத்தினாரு. ஆனா அவரு மனசாட்சிக்கு, முழுக் கோடு போடாம புள்ளி புள்ளியாப் போட்டாரு. செவிவழின்னு அர்த்தமாம். யாரு கேட்டா. புள்ளி வெச்சதும் கோலம் மாதிரி அழகா இருக்குன்னுட்டாங்க சனங்க.

அதுல ஒரு சிக்கல் வந்துச்சு. தங்கச்சின்னா பேரு வேணுமில்ல. மரத்துல எல்லாக் கோடும் ஆம்பளையில இருந்து ஆம்பளைக்குத்தான் போகுது, இவ ஒருத்திதான் நடுவுல பேரில்லாத கட்டமா நிக்கிறா. இருளாயி அயித்தைதான், "பேச்சி. வேற என்ன பேரு இருந்திருக்கும்"னுச்சு. பேச்சின்னு போட்டாச்சு.

கல்யாணத்துக்கு முதல் நாள் வீட்டுச் சாமி கும்புடணும்ல. காசி வீட்டுல சுமங்கலியாப் போனவங்களுக்குச் சேலை வெச்சுப் படைப்பாங்க. இந்தத் தடவை பேச்சிக்கும் ஒண்ணு வைக்கணும்னு அயித்தை சொல்லிருச்சு. மேலூர் போய் அந்தச் சேலையை எடுத்தது நான்தான். வெங்காயக் கலர், அரக்குக் கரை. விளக்கு வெச்சுச் சூடம் காட்டினப்போ இருளாயி அயித்தை குலவை போட்டுச்சு, அந்தக் குலவைச் சத்தத்துல எனக்கே கண்ணு கலங்கிருச்சு. அண்ணன் பக்கத்துல நின்னாரு. காதுக்குள்ள, "யாருக்கு அழுகறே மீனா, அப்படி ஒருத்தி இல்லவே இல்லையே"ன்னாரு.

அதெப்படி இல்லைன்னு சொல்றது. அந்த மரத்துல ஒவ்வொரு ஆம்பளைக்கும் ஒரு ஆத்தா இருந்திருக்கணும், அக்கா தங்கச்சி இருந்திருக்கணும். ஒருத்தி பேருகூட ரெண்டு வீட்டுச் சாட்சியில தேறலை. அத்தனை பேருல ஒருத்தி பேச்சியா இல்லாமயா இருந்திருப்பா. நான் அண்ணன்கிட்ட அதைச் சொன்னேன். அவரு விபூதி எடுத்துப் பூசிக்கிட்டாரு.

இப்ப சுபிதா மாசமா இருக்கு. பொண்ணு பிறந்தா பேச்சின்னு வைக்கணும்னு அயித்தை, வைக்கவே மாட்டேன்னு சுபிதா. என் தம்பிக்கு அவனே திருப்பூர்ல ஒண்ணைப் பார்த்துக்கிட்டான். பழைய பிளெக்ஸைச் சின்னப்பொண்ணு அயித்தை வாங்கிட்டுப் போய் ஆட்டுக் கொட்டாய்க்கு மேல போட்டிருக்கு. மழை பெஞ்சா மொட்டையனும் சின்னாண்டியும் அண்ணன் தம்பியாவே நனையறாங்க.

எனக்குத்தான் தண்டனை. இனிமே எந்த வீட்டு அடுப்படிக்கும் போகக்கூடாது, கடையைப் பார்த்துக்கிட்டா போதும், தேடி வர்றவங்ககிட்ட தான் வர்றதுக்கு முன்னாடி வாயைத் திறக்கக்கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டாரு. நானும் அப்படித்தான் இருக்கேன்.

என்ன சிரிக்கிறீங்க. நீங்க சிரிச்சா உங்க பையனும் சிரிக்கிறான் பாருங்க. கன்னத்துல குழி விழுது. சின்னாண்டி வீட்டு ஆளுங்களுக்கு இப்படித்தான் குழி விழும்.

இல்லை, சும்மா சொன்னேன்.

ஆனா ஒண்ணு சொல்லட்டுமா. அந்த முடியில சிக்கு விழ ஆரம்பிச்சிருச்சு. வெயில் காலம் வருது, பிள்ளைக்குத் தலையில கொப்புளம் போடும். இன்னும் எத்தனை ஊருக்கு இவனைத் தூக்கிக்கிட்டு அலைவீங்க. எங்க கருப்பன் தங்கமான சாமி. வீட்டோட வந்த மாப்பிள்ளையையே சேர்த்துக்கிட்டவரு, ஒரு பச்சைப் பிள்ளையைச் சேர்த்துக்க மாட்டாரா. மாசி சிவராத்திரிக்கு வந்தீங்கன்னா நானே பொங்க வெச்சுத் தர்றேன். நாவிதரு, பந்தல், எல்லாம் நான் பார்த்துக்கறேன்.

ஆதாரமா. அதை நினைச்சுத்தான் கவலைப்படறீங்களா. காலையில கடைக்கு வர்ற வழியில இருளாயி அயித்தை வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. அடுப்படிக்குள்ள போகக்கூடாதுன்னுதானே அண்ணன் சொன்னாரு, வாசல்தானேன்னு நின்னேன். "ஏன் அயித்தை, அந்தக் காலத்துல அங்குன்னு ஒருத்தரு, இடது காலைச் சாய்ச்சு நடப்பாரே, தண்ணிச் சண்டையில கோவிச்சுக்கிட்டு ஊரை விட்டுப் போனாரே, நம்ம ஆளுதானோ"ன்னு கேட்டேன். "இல்லாம? போகும்போது கருப்பன் காலடி மண்ணை முடிஞ்சுக்கிட்டுல்ல போனாரு"ன்னுச்சு. மண்ணை நான் சொல்லலைங்க.

ஆச்சா, அது ஒரு வீடு.

அந்தா பஸ்ஸு வந்துருச்சு. இறங்கறாரு பாருங்க, கையில மை டப்பா, அதான் அழகுமலை அண்ணன். ரொம்ப நல்ல மனுசன். வந்ததும் உங்ககிட்ட, "உங்க வீட்டுப் பெரியவங்க தாத்தாவைப் பத்தி ஏதாவது அடையாளம் சொல்லியிருக்காங்களாம்மா"ன்னு கேப்பாரு. அவசரப்படாம, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்துட்டுச் சொல்லுங்க. இடது காலு. வலதுன்னு சொல்லிராதீங்க. மாமியார் சொன்னதாச் சொல்லுங்க, என் பேரை மட்டும் எடுத்துராதீங்க தாயி.